துண்டுக்கு அடியில்

அவள் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

தரகர் பெரியண்ணனின் கண் ஒரு கணம் மின்னியது. உடனே உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாம் தேஞ்சு போச்சுங்க. இரும்பு வெலதான்.”

மின்னியதையும் பார்த்தாள், பிதுக்கியதையும் பார்த்தாள்.

தேய்ந்துவிட்டதாமே! போன வாரம்கூட அவளே உழுதுவிட்டு வந்தாள்.

அறுபது வருடத்து டிராக்டர்; பழைய வண்டி சேர்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் ரகம். அண்ணன் தம்பிக்குப் பொது. அண்ணன், அவள் புருஷன், போய்ச் சேர்ந்துவிட்டான். வண்டியைத் தம்பி நல்லசிவம் வைத்துக்கொண்டு, மதிப்பில் பாதியை அவளுக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

அந்தப் பாதியில்தான் அவள் பங்குக் கிணற்றுக்கு மோட்டார் வாங்க வேண்டும். மஞ்சள் பயிர் தண்ணீரில்லாமல் காய்கிறது.

தரகரைக் கூட்டி வந்தது யார்? கொழுந்தன். வரும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தது? அவனேதான்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

பெரியண்ணன் மாட்டுச் சந்தையில் பழகிய ஆள். தோள் துண்டை எடுத்து நல்லசிவத்தின் கைமேல் போட்டார். அடியில் விரல்கள் விலை பேசின. ஒரு விரலுக்கு ஒரு லட்சம். பார்க்கிறவருக்குத் தெரியாது. தொட்டவர் வெளியே சொல்லவும் கூடாது.

“எண்பதாயிரம் பெறும், அம்மிணி.”

இரும்பு விலைக்கு எதற்குத் துண்டு?

அவள் கீழே இறங்கிக் கையை நீட்டினாள்.

“எனக்கும் போடுங்க.”

“பொம்பளைங்களுக்குத் துண்டு போடற வழக்கமில்லீங்களே.”

“பொம்பள டிராக்டர் ஓட்டற வழக்கமும் இல்லீங்க. நான் ஓட்டலையா?”

துண்டு விழுந்தது.

அடியில் வியர்த்த கை ஒன்று. அது அவளுடைய ஒரு விரலையும் பிடிக்கவில்லை. சும்மா கிடந்தது.

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

“அப்படிங்களா. செரிங்க.”

நல்லசிவம் அருகில் வந்தான்.

“என்ன சொன்னாரு, அண்ணி?”

“வெளிய சொல்லக் கூடாதுங்களே, தம்பி.”

அவன் அவளைப் பார்த்தான். தரகரைப் பார்த்தான். வண்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“யோவ்! நாலையும் சொல்லிப்போட்டியா?”

பெரியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினார்.

அவள் மறுபடி ஏறி வண்டியை நிறுத்தினாள்.

“நாலுல பாதி ரெண்டுங்க, தம்பி.”

சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.