இரண்டாவது மைக்

பக்கத்து அபார்ட்மென்ட் ரமோன் வெனிசுவேலாக்காரர். சனிக்கிழமை மதியங்களில் ஹார்ப் மீட்டிக்கொண்டே பாடுவார். ஒரு சரணம் பாடுவார். அடுத்த சரணம் பாடும் நேரத்துக்கு வாயை மூடிக்கொள்வார், ஹார்ப் மட்டும் ஓடும். சாலிஹா ஒருமுறை லிஃப்டில் காரணம் கேட்டாள்.

"ரெண்டு பேர் போட்டி போட்டுப் பாடுற எங்க ஊர்ப் பாட்டு இது. நான் முடிச்ச வரியிலேர்ந்து எதிராளி எடுக்கணும். அவருக்குத்தான் இடம் விடுறேன்," என்றார் ஆங்கிலத்தில். "நல்லாப் பாடுறார்."

சாலிஹாவின் கவலை வேறு. அதே நேரத்தில்தான் கணவர் சேக் தாவூத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். எவளுடனோ பேசுகிறார் என்று நினைத்து, தட்டாமல் கதவைத் திறந்தாள். அவருடைய ஃபோன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. தாவூத் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சத்தமில்லாமல் உதடுகள் அசைந்தன. சுவருக்கு அப்பால் ரமோன் பாடத் தொடங்கியதும் நின்றன.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

"யார்கிட்டயும் இல்லயே. மீட்டிங்குக்கு பிராக்டிஸ் பண்றேன்."

அடுத்த சனிக்கிழமை ரமோனுக்கு ஹூஸ்டனில் கச்சேரி. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. தாவூத் வழக்கம்போல ஃபோனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குள் போனார். சாலிஹா ஹாலில் உட்கார்ந்து, ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கச்சேரியை லைவில் பார்த்தாள். மேடையில் இரண்டு மைக். இரண்டாவதன் முன்னால் ஆளில்லை. ரமோன் ஒரு சரணம் பாடி நிறுத்திவிட்டு அந்த மைக்கைப் பார்த்தார். ஹார்ப் மட்டும் ஓடியது. கூட்டம் அசையாமல் கேட்டது. பிறகு எல்லோரும் எழுந்து அந்த மைக்கை நோக்கிக் கைதட்டினார்கள்.

சாலிஹா போய்க் கதவைத் திறந்தாள். தாவூத் சுவருக்கு முன்னால் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்திக்கொண்டிருந்தார்.