ஜப்பான் கதைப் புத்தகம்

டாக்டர் அறையிலிருந்து வந்த தாதி தனுஜாவின் கையில் அந்த ஜப்பான் கதைப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்ததும் சின்னையா நாற்காலியில் நிமிர்ந்தார்.

டயாலிசிஸ் ஊசி குத்திய கையை அசைக்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் அவரைப் போலவே ஊசி குத்திய கையோடு சல்மா கண்ணயர்ந்திருந்தாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது அவளுக்கு.

போன மாதம் இதே புத்தகத்தை எதிர் நாற்காலித் திருநாவுக்கரசிடம் கொடுத்தாள் தனுஜா. அவர் நாற்காலி காலியானது. பிறகு அப்துல் ஹமீது வாங்கினார். அவரும் போய்ச் சேர்ந்தார்.

"அப்பா, நாசி கண்டார் சோறு வாங்கியாரட்டா? குழம்பு நெறைய ஊத்தி?" என்றாள் மகள் ரூபினி. தண்ணீரைக்கூட அளந்து கொடுப்பவள்.

"சாப்பாடு கெடக்கட்டும்லா. அந்த மிஸ்ஸி இங்கதான் வருது, பாரு."

ரூபினி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சின்னையாவின் மடியில் தடித்த இங்கிலீஷ் துப்பறியும் நாவல் கிடந்தது. லோரியில் மூட்டை தூக்கி ஓய்ந்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவர். இந்த வேகத்தில் போனால் கொலைகாரன் பிடிபட அடுத்த தீபாவளி ஆகும் என்று சல்மா கேலி செய்வாள்.

தனுஜா இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மிஸ்ஸி, அந்தச் சனியன அவகிட்ட குடுக்காதீங்க. சின்னப் பொண்ணுலா!"

"புத்தகம் என்ன அங்கிள் பண்ணும்?"

"திருநாவு எங்க? ஹமீது பாய் எங்க? இத வாங்குனவன் எவன் திரும்பி வந்தான்?"

தனுஜா சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் தடி நாவல்தான் குடுப்பேன். டாக்டர் கைய விரிச்சவங்களுக்கு மட்டும் இது. எல்லாம் சின்னச் சின்னக் கதை அங்கிள். உக்காந்த எடத்துல ஒண்ணு முடிஞ்சிரும். பாதியில நிக்காது."

சின்னையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. புத்தகம் யாரையும் கொல்லவில்லை. சாகப்போகிறவர்களைத் தேடித்தான் அது வந்திருக்கிறது.

தூங்கும் சல்மாவைப் பார்த்தார். கண் நிறைந்தது.

"கைப்புள்ளக்காரி மிஸ்ஸி... இன்னிக்கு வேணாம். தூங்கட்டும். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

தனுஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சல்மாவுக்கு ஒண்ணும் இல்ல அங்கிள்."