முந்திக்கொண்ட பொறி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் என்ஜினுக்குள் பிஸ்டன் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் ஆவியை மூச்சுமுட்ட அமுக்கிக்கொண்டு அது மேலே ஏறும். உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிளக் பொறியைக் கக்கிவிடும். மண்டையில் நங்கென்று இடி விழும்.

“ஏன்டா, நான் வந்து சேர வேண்டாமா? அதுக்குள்ள என்னடா அவசரம்?” என்று கத்தியது பிஸ்டன்.

“என்கிட்ட ஏன் எகிறுற? பாயிண்ட் அண்ணன் சொன்னார், விட்டேன்,” என்றது பிளக்.

பொறிக்கு நேரம் சொல்வது பாயிண்ட்தான். ஸ்க்ரூ தளர்ந்து அது இடம் நகர்ந்து கிடந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தியது. “நான் என்னிக்காவது லேட்டா சொல்லியிருக்கேனா? நீதான் ஆடி அசைஞ்சு வர்றே.”

“முந்தி அடிச்சிட்டு என்னையே குத்தம் சொல்றியா? முதல்ல உன் ஸ்க்ரூவைப் பாரு!”

மேடு ஏறும்போதெல்லாம் சத்தம் கூடியது. கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து வண்டி நின்றது.

மெக்கானிக் என்ஜினைப் பிரித்தார். பாயிண்ட் மூடியை அவர் தொடவே இல்லை. “பிஸ்டன் மட்டம், வேற போட்டுடலாம்,” என்று அதைத் தூக்கிக் கழிவுக் கூடையில் எறிந்தார்.

“அடப்பாவிகளா, அந்த பாயிண்ட்டைத் திருப்புங்கடா!” என்று கூடைக்குள்ளிருந்து அலறியது பிஸ்டன். அதன் மேல் எண்ணெய்த் துணி வந்து விழுந்தது.

“முன்னாடி இருந்தவன் சோம்பேறி. நீயாவது சுறுசுறுப்பா இரு,” என்று புதுப் பிஸ்டனை வரவேற்றது பாயிண்ட்.

மெக்கானிக் கிக்கரை உதைத்தார். நங்!

“அண்ணே, நான் இன்னும் மேலே வரவே இல்லையே!” என்றது புதுசு.