அடுப்புக்கரி

இந்தத் தடவை பக்கத்து வீட்டு ஆர்விட்டை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று லெனோர் கிளம்பிவிட்டாள்.

கேட்காமல் என்ன செய்வது? மூன்று வருடமாக இதே கதை. மாதம் பிறந்தால் போதும், வந்து நிற்பான். அவள் கணவன் டெல்மரின் தோட்டா அச்சுகளை இரவல் வாங்கிக்கொண்டு போவான். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை உள்ளே விட்டு அழுத்தி, மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்காகச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் இரும்பு அச்சுகள் அவை. டெல்மர் நாற்பது வருடமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவை.

போகும்போது பளபளவென்று போகும். வரும்போது சேற்றில் புதைத்து எடுத்த மாதிரி வரும். அதுவும் சனிக்கிழமை சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் கொண்டுவருவான். கொடுத்துவிட்டு, இரண்டு தட்டு இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவான்.

சரி, யாரிடம் இந்த வேலை? கண் போன மனிதனிடம்.

டெல்மருக்கு நடுப்பார்வை மொத்தமாகப் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஏதோ நிழலாடும். துப்பாக்கியைத் தொடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மனிதன் ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து, அச்சு ஒவ்வொன்றையும் தடவித் தடவிக் கழற்றி, வெள்ளைத் துண்டில் வரிசையாக வைத்து, பஞ்சுக்குச்சியால் அழுக்கெடுத்து, எண்ணெய் பூசி மூட வேண்டும்.

கேட்டால் "விடு, லெனோர்" என்பான். இளிச்சவாயன் தலையில்தானே எல்லோரும் மிளகாய் அரைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஆர்விட் வீட்டுக்குப் போனாள். மோன்டானாவில் பக்கத்து வீடு என்றாலும் சரளைச் சாலையில் மூன்று மைல். அவன் மனைவி வெர்னா இறந்த பிறகு அந்த வீட்டு முன்கதவைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பட்டறைக் கொட்டகை மட்டும் திறந்திருந்தது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்க, ஆர்விட் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

எட்டிப் பார்த்த லெனோருக்கு முதலில் புரியவில்லை.

டின் மூடி ஒன்றில் அடுப்புக்கரியைப் பழைய மசகோடு குழைத்து வைத்திருந்தான். அதைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுத் தொட்டு, டெல்மரின் அச்சுக்குள் பூசிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு மை தீட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாக. அவன் தலைக்கு மேலே அலமாரியில், அதே அளவில் அவனுடைய சொந்த அச்சுகள் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தன.

"என்ன பண்ற ஆர்விட்?"

அவன் கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

"மணல் போடல, லென். சத்தியமா போடல. மணல் பட்டா உள்ள கீறல் விழுந்துடும். வெறும் கரியும் மசகுந்தான். துடைச்சா போயிடும்."

"நான் அதையா கேட்டேன்?"

ஆர்விட் ரேடியோவை நிறுத்தினான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"கண்ணு போன புதுசுல அவன் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம சன்னலோரமா கெடந்தானே, ஞாபகம் இருக்கா? அப்ப ஒரு தடவை அச்சை நெசமாவே துடைக்க மறந்து கொடுத்துட்டேன். தடவிப் பாத்துட்டு ஒரு மணி நேரம் திட்டினான் பாரு என்னை. திட்டிக்கிட்டே எல்லாத்தையும் கழட்டி, துடைச்சு, மாட்டியும் வெச்சான். பழைய டெல்மர் திரும்பி வந்துட்டான், லென். அதுக்கப்புறம் சுத்தமா கொடுக்க எனக்கு மனசு வரல."

லெனோர் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவுகளை மறந்துபோனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விழுந்த குச்சியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மரைக்குள்ளயும் பூசு. போன தடவை ஒரே நாள்ல முடிச்சுட்டான்."

மறுநாள் வழக்கம்போல ஆர்விட் வந்தான். டெல்மர் வழக்கம்போல அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். ஆர்விட் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். லெனோருக்குத்தான் கணவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள். ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துகொண்டு இந்த ஆர்விட் என்னவெல்லாம் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நேத்து நம்ம வண்டி அவன் வீட்டுப் பக்கம் போன சத்தம் கேட்டுச்சு" என்றான் டெல்மர், அச்சைக் கழற்றிக்கொண்டே. "போய்த் திட்டிட்டியா?"

"இல்ல."

"நல்லது. என்னிக்கும் திட்டிடாத."

அழுக்கை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"அச்சுல கூட்டை விட்டு அழுத்தினா, பித்தளைத் தூள் உதிரும். அழுக்கைத் தேய்ச்சா விரல்ல நறநறன்னு தட்டும். மூணு வருஷமா இதுல பொடிப் பித்தளை கிடையாது, லெனோர். வெறும் அடுப்புக்கரி."

லெனோர் ஈரக் கையோடு திரும்பினாள்.

"தெரிஞ்சேவா ரெண்டு நாள் உக்காந்து தேய்க்கிற? அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிட்டா?" டெல்மர் அடுத்த பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்தான். "வெர்னா போனதுலேருந்து அவன் தனியா உக்காந்து டின் சாப்பாட்டைத் திறந்து தின்னுக்கிட்டிருக்கான். சும்மா வந்து சாப்புடுடான்னா வர்ற ஆளா அவன்? இந்தக் கரியும் இல்லேன்னா, எதைச் சாக்கு வெச்சு நம்ம வீட்டுக் கதவைத் தட்டுவான்?"