மகாராஜா வந்தாரா?

கிரீச்சென்று ஒரு சத்தம். இரும்புக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பொந்துக்குள் இருந்தபடியே அணிலுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் அந்தக் கதவு மகாராஜாவுக்கு மட்டும்தான் திறக்கும். இப்போது நந்தவனம் பூங்காவாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்கள் கையோடு வேர்க்கடலையும் வரும். ஆனால் அணிலின் மரத்தடியில்தான் ஒருவரும் நிற்பதில்லை. பொந்தில் குட்டிகள் பசியில் கத்தின.

கீழே உலாத்திய மயிலிடம் அணில் கெஞ்சியது.

"அண்ணே, கொஞ்சம் தோகையை விரிங்களேன். கூட்டம் நிக்கும், நாலு கடலை சிந்தும்."

"கண்டவங்களுக்கெல்லாம் ஆடுற வம்சமா எங்க வம்சம்? ராஜா வந்தாத்தான் ஆடுவோம்."

"அட, விஷயமே தெரியாதா? ராஜாதான் தினமும் வர்றாரே, மாறுவேஷத்துல!"

மயில் திடுக்கிட்டது. "யாரு, தினமும் குடை பிடிச்சுட்டு வர்றாரே, அவரா?"

"அடையாளம் தெரிஞ்சா அது என்னண்ணே மாறுவேஷம்?"

மயிலுக்கு வேறு வழியில்லை. ஐஸ் விற்பவருக்கு ஆடியது. தொப்பை குறைய நடந்தவருக்கு ஆடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றிச் சுற்றி ஆடியது. மரத்தடியெல்லாம் கடலை. அணில் பகல் முழுக்க அதைப் பொந்துக்குச் சுமந்தது.

சாயங்காலம் கதவைச் சாத்தியதும் மயில் கூப்பிட்டது.

"அணிலே, எங்க பாட்டன் ஆடும்போதெல்லாம் ராஜா கொட்டாவிதான் விடுவாராம். இன்னிக்கு ஒருத்தர்கூட கொட்டாவி விடலையே."

அணிலுக்குப் பகீரென்றது. "அதனால?"

"அதனால, ராஜா இன்னிக்கு வரலை," என்று மயில் குரலைத் தாழ்த்தியது. "நாளைக்கும் வராம இருந்தா நல்லாயிருக்கும்."

அணில் இன்னொரு கடலையைக் கவ்விக்கொண்டு மறுபடி மரமேறியது.