கையை எடுங்கண்ணே

"இப்பப் பாரு பர்ஹத்து, சத்தமே இல்ல" என்றார் நாகையா அண்ணன், என் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு.

அதைத்தானே நானும் ஒரு மாதமாகச் சொல்கிறேன்!

ஆம்ப்ளிஃபயருக்குப் பவர் சப்ளைப் பெட்டி செய்து விற்பது என் தொழில். கரன்ட்டோடு வரும் இரைச்சலை வடிகட்டுகிற இரும்புப் பெட்டி. பாட்டு நின்றால் ஸ்பீக்கரில் காதை ஒட்டினாலும் ஒன்றும் கேட்கக் கூடாது.

விருதுநகரில் என் மேஜையில் அது கப்சிப். ஆமத்தூரில், அதை வாங்கிய அண்ணன் வீட்டில் மட்டும் இரைகிறதாம். நான் வந்து நின்றால் இரையாது.

கெப்பாசிட்டரை மாற்றினேன். டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தேன். மனதுக்குள் அவரையும் நன்றாகத் திட்டினேன்.

"நாற்காலியில உக்காந்தா இரையுது. என்னன்னு கிட்ட வந்து பார்த்தா நின்னுருது" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு. என் காதுதான் போச்சு."

திட்டியதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போன சீசனில், அவர் வேலை பார்க்கும் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து ரூம் வெடித்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. அண்ணனுக்குக் காது அடைத்துக்கொண்டது. சரியாகலாம், இல்லை ஒரு இரைச்சல் காதிலேயே தங்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிருக்காக. வெடிமருந்து ரூம்ல யாராச்சும் 'ஓடு'ன்னு கத்துனா எனக்குக் கேக்கணும்லம்மா?"

மதினியிடம் சொன்னீர்களா என்றேன். இல்லையென்று தலையாட்டினார். 'எனக்குக் கேக்கலையே' என்று மதினி சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்கவே இல்லையாம்.

அப்போது சுப்புத்தாய் மதினி டீ கொண்டுவந்தார். டம்ளர் கொதித்தது. அண்ணன் பெட்டியிலிருந்து கையை எடுத்து, துண்டால் பிடித்து வாங்கினார்.

உம்ம்ம்...

அவர் முகம் செத்துப்போனது. டீயைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் மேல் மறுபடி கையை ஊன்றினார். நின்றது.

"கையை எடுங்கண்ணே!"

எடுத்தார். இரைந்தது.

"வைங்க!"

நின்றது.

அடக் கடவுளே! மருந்து ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற கரன்ட் மண்ணுக்குப் போய்விடும், பொறி பறக்காது. வருஷக்கணக்காக அப்படித் தொட்டுத் தொட்டு, எந்த இரும்புக்குப் பக்கத்தில் போனாலும் அண்ணனின் கை தானாக அதன் மேல் போய்விடும். வெறுங்காலோடு நின்று கை வைத்தால், என் பெட்டிக்கு அவரே எர்த். இந்த வீட்டுப் பிளக்குக்கு எர்த் வயரே கொடுத்திருக்க மாட்டார்கள். பெட்டியையே பிரித்துப் பிரித்துப் பார்த்த நான் ஒருநாளாவது சுவரில் இருக்கும் அந்தப் பிளக்கைப் பார்த்தேனா?

"அண்ணே, எனக்கும் கேக்குது!"

அவர் நம்பவில்லை. "எனக்காகச் சொல்லுதியா?"

கையைப் பெட்டியிலிருந்து மெல்ல எடுத்தார். இரைச்சலுக்கு நடுவே மதினியைப் பார்த்தார். "மதினி, இந்த இரைச்சல் உங்களுக்குக் கேக்குதா?" என்று நான்தான் கேட்டேன்.

"இது கேக்காமயா?" என்றார் மதினி. "வந்த நாள்ல இருந்து இரைஞ்சுக்கிட்டுத்தான கெடக்கு. ஆசையா வாங்குனாக, கொறை சொன்னா மனசு சங்கடப்படுவாகன்னு சொல்லல."

அண்ணன் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வயரைத் தேடினேன். எர்த் கொடுத்தால் அஞ்சு நிமிஷத்தில் நின்றுவிடும் என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார் அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். "நீ டீயைக் குடி. செத்த நேரம் இரையட்டும்."