கடைசி வரிசை ஜெர்மன்காரன்

“அந்த ஜெர்மன்காரன் இன்னிக்கும் வந்துட்டான்டி!”

எவந்தியா ஒப்பனை அறைக்குள் தலையை நீட்டிச் சொன்னதும், மிர்த்தோவின் உதட்டுச்சாயம் உதட்டை விட்டுக் கன்னத்தில் இழுத்துக்கொண்டு போனது.

“நல்லாப் பாத்தியாக்கா?”

“இருபது வருஷமா இந்த அரங்குல ஜனங்களுக்கு சீட்டு காட்டற கண்ணு இது. அதே தாடி, அதே தொப்பி, அதே கடைசி வரிசை. இதோட அஞ்சு வெள்ளிக்கிழமை!”

ஏதென்ஸில் கிப்செலி பக்கம், எழுபது பேர் உட்காருகிற நிலவறை அரங்கம் அது. வெள்ளிக்கிழமை மட்டும் சுற்றுலாக்காரர்களுக்காக மேடைக்கு மேலே வசனமெல்லாம் ஆங்கில எழுத்தில் ஓடும். அவர்களும் முதுகுப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து, ஒரு தடவை பார்த்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரே நாடகத்துக்கு ஐந்து தடவை வருகிற சுற்றுலாக்காரனை எவந்தியா பார்த்ததே இல்லை. தாடியையும் தொப்பியையும் பார்த்து அவளாக வைத்த பேர்தான் ‘ஜெர்மன்காரன்’.

“போன வாரம் ஆட்டம் முடிஞ்சதும் எதிர்த்த மருந்துக்கடை வாசல்ல நின்னு நம்ம பின்கதவையே பாத்துக்கிட்டிருந்தான். யாருய்யா நீன்னு அதட்டினேன். காதுலயே வாங்கல. நீ வெளிய வர்றதைப் பாத்ததும் நழுவிட்டான்.”

இயக்குநர் ஸ்தாதிஸ் கையைப் பிசைந்தார். “டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்தவனை என்னன்னு சொல்லி வெளிய அனுப்பறது?”

“போன மாசம் பக்கத்துத் தெரு அரங்குல ஒரு கிறுக்கன் மேடையேறி, நடிச்சுக்கிட்டிருந்த பொண்ணை அறைஞ்சானே, அவன் மட்டும் என்ன ஓசியிலயா வந்தான்?” என்றாள் எவந்தியா.

மிர்த்தோ சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“கப்பல் இஞ்சினோடவே முப்பது வருஷம் கிடந்த மனுஷன் எங்கப்பா. என் முதல் நாடகத்தைப் பாக்க வந்து, பாதியில எழுந்து போயிட்டாரு. ரெண்டு வருஷமா போன் பண்ணாக்கூட எடுக்கறதில்ல. பெத்தவருக்கே பிடிக்காததை இவன் அஞ்சு தடவை பாக்கறான்னா, பைத்தியம்தான்க்கா.”

எவந்தியா அவள் மேல் மூன்று முறை ‘து, து, து’ என்று துப்பித் திருஷ்டி கழித்தாள். “நீ பாட்டுக்கு நடி. அவன் எழுந்தான்னா கையை முறிச்சுடறேன்.”

வாய்தான். உள்ளுக்குள் அவளுக்கும் உதறல். கடைசி ஏழு நிமிடம் மேடையில் மிர்த்தோ தனியாகத்தான் பேச வேண்டும். மேடையோ, முதல் வரிசைக்காரன் காலை நீட்டினால் இடிக்கிற தூரம்.

நாடகம் தொடங்கப்போகிறது என்று மூன்றாவது மணி அடித்தது. எல்லோரும் அவசர அவசரமாக உள்ளே போனார்கள். ஜெர்மன்காரன் மட்டும் சுவரில் இருந்த மிர்த்தோவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் நகர்ந்ததைக் கண்டபிறகுதான் நகர்ந்தான்.

நாடகம் ஆரம்பித்தது. எவந்தியா படிக்கட்டு ஓரத்தில் நின்று அவனையே பார்த்தாள். மிர்த்தோ வாயைத் திறக்குமுன்பே மேலே எழுத்து வந்துவிடும் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் சுற்றுலாக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் பிறகு சிரிப்பார்கள். அவன் சுற்றுலாக்காரர்களோடுதான் சிரித்தான். சந்தேகமே இல்லை, வெளிநாட்டான்தான்.

கடைசிப் பேச்சு வந்தது. மற்ற விளக்கெல்லாம் அணைந்து, மிர்த்தோவின் மேல் மட்டும் வெளிச்சம். கண் கூசுகிற அந்த வெளிச்சத்தில் எதிரே இருப்பவர்களை அவளால் பார்க்கவே முடியாது.

இரண்டு வரிகூடப் பேசியிருக்க மாட்டாள். மேலே ஓடிக்கொண்டிருந்த எழுத்து பட்டென்று அணைந்துவிட்டது. சுற்றுலாக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். மிர்த்தோ விடாமல் பேசினாள்.

ஜெர்மன்காரன் எழுந்தான்.

படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தான். கதவுப் பக்கம் அல்ல, மேடைப் பக்கம்.

“நில்லுங்க!” எவந்தியா அடிக்குரலில் சொன்னாள். அவன் நிற்கவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலும் சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே கோட்டின் உள்பைக்குள் கையை விட்டான். ஏதோ பளபளத்தது.

ஐயோ, கத்தி!

முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, எவந்தியா நாலே எட்டில் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். “லைட்டைப் போடுங்க! ஸ்தாதிஸ், லைட்டு!”

கையிலிருந்தது தெறித்துத் தரையில் விழுந்தது. வெறும் மூக்குக்கண்ணாடி.

அரங்கத்தில் விளக்குகள் எரிந்தன. பேச்சை நிறுத்திய மிர்த்தோ, நெற்றியில் கையை வைத்து இந்தப் பக்கம் பார்த்தாள். கை அப்படியே கீழே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

“உள்ள ஓடுடி!” என்று கத்தினாள் எவந்தியா. மிர்த்தோ ஓடவில்லை. உதடு மட்டும் துடித்தது.

அவன் எவந்தியாவிடமிருந்து கையை விடுவித்துக்கொள்ளக்கூடப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்து, சுத்தமான துறைமுகத்துக் கிரேக்க மொழியில், அரங்கமே அதிரும்படி உரக்கச் சொன்னான்:

“எழுத்து நின்னுபோச்சும்மா மிர்த்தோ! காது செத்துப்போன அப்பனுக்கு இனி உன் உதடுதான், கொஞ்சம் என் பக்கம் திரும்பிப் பேசு.”